கலோவின் தடித்து இளைக்கும் கோடு: நான்கு செப்புத் தகடுகளின் கணக்கு

நான்காவது தகட்டில்தான் கோடு வந்தது. மயிரிழையாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி மயிரிழையாக இளைத்து முடிகிற கோடு, அதுவும் ஒரே இழுப்பில். முதல் மூன்று தகடுகளும் மூன்று விதமாகக் கெட்டன: ஒன்று எண்ணெயால், ஒன்று அமிலத்தால், ஒன்று சூட்டால். பதினேழாம் நூற்றாண்டு அச்சோவியர் ஜாக் கலோவின் முறையில், காகிதத்தில் அச்செடுப்பதற்காகச் செம்பில் கோடு போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அந்த மூன்றும் எங்கே, ஏன் கெட்டன என்பது கட்டாயம் வேண்டும். அதனால் வேலையின் படி வரிசையிலேயே பதிவு.

கலோ 1592இல் லொரேன் நாட்டின் தலைநகரான நான்சியில் பிறந்தவர். 1607இல் அங்கேயே ஒரு பொற்கொல்லரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பிறகு ரோமில் பிலிப் தொமாசானின் பட்டறையில் பியூரின் உளியால் செம்பைச் செதுக்கக் கற்றார். அங்கிருந்து ஃபிளாரன்ஸ் போய், அந்நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் அரசவையில் வேலை பார்த்தார். பியூரினை விட்டு அமிலத்துக்கு மாறியது ஃபிளாரன்ஸில்தான்.

பியூரினைத் தள்ளும்போது அழுத்தத்தைக் கூட்டினால் பள்ளம் ஆழமாகி அகலமும் கூடும். செதுக்குக் கோட்டின் அழகே அந்த ஏற்ற இறக்கம். ஆனால் வேலை மெதுவாக நகரும், கை பல வருடம் பழக வேண்டும். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி அமிலம் விட்டால், கீறின இடத்தை மட்டும் அமிலம் அரித்து, மை நிற்கும் பள்ளமாக்கும். வேலை வேகமாக முடியும், கோடு மட்டும் கம்பி மாதிரி முழு நீளத்துக்கும் ஒரே தடிப்பாக இருக்கும். ஊசியின் வேகமும் வேண்டும், உளியின் கோடும் வேண்டும் என்றால் இரண்டு பொருள் தேவை. ஒன்று எஷோப் என்கிற சாய்முகக் கருவி. மற்றது, மரவேலைக்காரர்களும் லூட் என்ற நரம்பு வாத்தியம் செய்பவர்களும் பூசி வந்த கெட்டி வார்னிஷ். மெழுகுப் பூச்சு எஷோப்பின் அகலமான விளிம்புக்குத் தாங்காது, ஓரம் பிய்ந்து வரும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை அமிலம் விடும்போது பெயர்ந்தே போகும். நம் தகடுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்ததும் இதுதான்: கோட்டைத் தீர்மானிப்பதில் கைக்குப் பாதிப் பங்கு, வார்னிஷ் வெந்த பதத்துக்குப் பாதிப் பங்கு.

நகலெடுக்க எடுத்துக்கொண்டது காப்ரிச்சி என்ற தொகுப்பின் ஒரு தகடு. 1617இல் ஃபிளாரன்ஸில் செய்து, பெருங்கோமகன் இரண்டாம் கொசிமோவின் தம்பி லொரென்சோவுக்குக் காணிக்கையாக்கிய சுமார் ஐம்பது சின்னத் தகடுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 செ.மீ. உயரம், 8 செ.மீ. அகலம். கெட்டி வார்னிஷைக் கலோ கையாண்ட முதல் முக்கியமான தொகுப்பாக இதையே சொல்கிறார்கள். பழகுகிறவர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. பல தகடுகளில் ஒரே ஆள் இரண்டு முறை நிற்பார்: ஒரு பக்கம் வெறும் புறக்கோட்டில், பக்கத்திலேயே நிழல் போட்டு முடித்த உருவமாக. எந்தக் கோடு முதலில், எது அதன் மேல் வருகிறது என்று கலோவே பிரித்துக் காட்டிவிடுகிறார். பெரிய அங்கி போர்த்தி நிற்கும் ஆள் உள்ள தகட்டைத் தேர்ந்தோம். அங்கியின் மடிப்புகள் முழுக்கத் தடித்து இளைக்கும் கோடுகள்தான், முகத்தில் அதிகம் வேலையில்லை.

தகடு

16 கேஜ் செப்புத் தகடு, அதாவது 1.6 மி.மீ. தடிப்பு. 60க்கு 85 மி.மீ. அளவில் நான்கு துண்டு. ஒரு துண்டு ஏறக்குறைய 73 கிராம் வரும். மின்சாரம் கடத்தும் செப்புப் பட்டை (பஸ்பார்) விற்கும் கடையில் வெட்டுத்துண்டாக எடை போட்டு வாங்கினால் மலிவு, சேதாரத்தோடு நான்குக்கும் 450 ரூபாய் ஆனது. 1 மி.மீ. தகடு வேண்டாம். வார்னிஷை வேக வைக்கும்போது லேசாக நெளியும், அச்சு எந்திர உருளைக்குள் போகும்போது அந்த நெளிவில் மை சீராக ஏறாது.

கத்தரியால் வெட்டினால் ஓரம் வளைந்துவிடும், ஹேக்ஸாவால் அறுப்பது நல்லது. நான்கு ஓரத்தையும் அரத்தால் 45 பாகைக்குச் சரிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அச்சுப் போடும்போது காகிதமும் அதன் மேல் விரிக்கும் கம்பளித் துணியும் வெட்டுப்படும். பிறகு உப்புத்தாள் 400, 800, 1200, 2000 என்று தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால், முந்தின தாளின் கீறல் போய்விட்டதா என்று தெரியும். கலோ காலத்தில் இந்த வேலைக்கு நுரைக்கல்லும் வில்லோ மரக்கரியும். கடைசியில் மெட்டல் பாலிஷ். ஒரு தகட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது, இதில் குறுக்குவழி எதுவும் கிடையாது. 800 தாளின் ஒரு கீறல் மிச்சமிருந்தாலும் மை அதில் உட்கார்ந்து அச்சில் வந்து நிற்கும்.

பாலிஷுக்குப் பிறகு எண்ணெய்ப் பசை போக வேண்டும். சாக்குத் தூளும் வினிகரும் குழைத்துப் பஞ்சால் தேய்த்து, குழாய் நீரில் காட்டிப் பார்க்கவும். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் தகடு முழுக்கப் படலமாகப் பரவி நின்றால் சுத்தம். அதன்பின் விரல் படக் கூடாது.

எஷோப்

பிரெஞ்சு அச்சோவியர் அப்ரஹாம் போஸ் 1645இல் பாரிஸில் வெளியிட்ட கையேடுதான் இந்த வேலைக்கு இன்றும் முதல் நூல். கலோவுக்குப் பத்தாண்டுக்குள் எழுதப்பட்டது, கருவி பிடிக்கும் விதத்தைப் படம் போட்டே காட்டுகிறது. ஒடிந்த பெரிய ஊசிகளை மரப்பிடியில் செருகித் தேய்த்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். நாங்கள் மூன்று செய்தோம்.

1 மி.மீ.: தடித்த கை ஊசி. 1.6 மி.மீ.: பவர் தையல் எந்திர ஊசியின் மேல் பகுதி. வீட்டுத் தையல் எந்திர ஊசியில் அந்தப் பகுதியின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அது உதவாது. பவர் மெஷின் ஊசி முழு வட்டம். 2.5 மி.மீ.: பழைய டிரில் பிட்டின் தண்டு. பிடி மூன்றுக்கும் பென்சில் தடிப்பில் 15 செ.மீ. மரக்குச்சி.

ஊசியின் நுனியை 45 பாகைச் சரிவில் தேய்த்தால் முகம் நீள்வட்டமாகும். 1.6 மி.மீ. ஊசிக்கு அதன் நீளம் இரண்டேகால் மி.மீ. அந்த நீள்வட்டத்தின் நுனிதான் மெல்லிய கோடு, பக்கவாட்டு விளிம்புதான் தடித்த கோடு. தேய்க்க எண்ணெய்க்கல் மட்டும் போதும். கிரைண்டரில் வைத்த முதல் ஊசி இரண்டே நொடியில் நீலம் பாய்ந்து பதம் இழந்தது. அந்த ஊசியின் நுனி செம்பிலேயே மழுங்குகிறது.

முகம் தேய்ந்த பிறகு விளிம்பைத் தோலில் தீட்டி வழவழப்பாக்க வேண்டும், சவரக்கத்தி அளவுக்குக் கூராக்கக் கூடாது. வார்னிஷை முழுதாக வழித்துக்கொண்டு செம்பைச் சற்றே தொட்டுப் போகிற கூர்மை போதும். அதற்கு மேல் போனால் விளிம்பு செம்பில் மாட்டிக்கொள்ளும், வளைவில் திரும்பாது. பிடியின் மேல், சாய்முகம் இருக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டால் பெரிய உதவி. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது வேலை நடுவில் கண்ணுக்குத் தெரியாது.

வார்னிஷ்

கலோவுடையது என்று பின்னாளில் அச்சான குறிப்பு எளிமையானது: கெட்டித்த ஆளி விதை எண்ணெயும் மஸ்தகிப் பிசினும் சம எடை. எண்ணெயை மெருகிட்ட புதுச் சட்டியில் சூடாக்கி, பொடித்த மஸ்தகியைப் போட்டு முழுக்கக் கரையும்வரை கிளறி, மெல்லிய துணியில் வடிகட்டிப் புட்டியில் அடைக்க வேண்டும். நாங்கள் 50 கிராமுக்கு 50 கிராம் எடுத்தோம். நான்கு தகடென்ன, நாற்பதுக்கும் வரும்.

மஸ்தகி நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்று கேட்டால் கிடைக்கும். நாங்கள் வாங்கியபோது 50 கிராம் 900 ரூபாய். விலை அதிகம் என்பதால் குங்கிலியமோ வேறு பிசினோ கலந்து வரும். வாங்கும்போதே ஒரு மணியை வாயில் போட்டு மெல்ல வேண்டும். மஸ்தகி முதலில் நொறுங்கி, பிறகு சூயிங் கம் போல ஒன்றுசேர்ந்து இழுபடும். தூளாகவே நின்றுவிட்டால் வேறு பிசின்.

முதல் தகடு கெட்டது எண்ணெயால். மளிகைக் கடைச் செக்கு ஆளி விதை எண்ணெயை அப்படியே ஊற்றிக் காய்ச்சியதில் வார்னிஷ் பார்வைக்குத் தேன் போல அழகாக இருந்தது. பூசி 150 பாகையில் 40 நிமிடம் வைத்தும் விரலில் ஒட்டியது. இன்னொரு 40 நிமிடம் வைத்ததும் மேல்தோல் மட்டும் காய்ந்து, உள்ளே பசையாகவே நின்றது. எஷோப்பை இழுத்தால் கோட்டின் இரு ஓரத்திலும் வார்னிஷ் வரப்பு மாதிரி சுருண்டு எழுந்து, சற்று நேரத்தில் திரும்பச் சரிந்து கோட்டையே மூடியது. குறிப்பு கெட்டித்த எண்ணெய் என்று சொல்வதைக் கவனிக்காததன் பலன் அது.

எண்ணெயைக் கெட்டிக்க வெயில் போதும். அகலமான பீங்கான் தட்டில் அரை செ.மீ. உயரத்துக்கு எண்ணெய் ஊற்றி, தூசி விழாமல் கண்ணாடி மூடி, காற்றுப் போக ஓரத்தில் தீக்குச்சி முட்டுக் கொடுத்து, தினம் ஒரு முறை கிளற வேண்டும். மூன்று வாரத்தில் சர்க்கரைப் பாகின் கம்பிப் பதத்துக்கு வந்தது. நிறமும் வெளுத்திருந்தது. இந்த எண்ணெயில் காய்ச்சிய வார்னிஷ்தான் மற்ற மூன்று தகடுகளுக்கும்.

காய்ச்சும்போது நேரடித் தீ வேண்டவே வேண்டாம். மணல் பரப்பிய சட்டியை மின் அடுப்பில் வைத்து, அதன்மேல் வார்னிஷ் பாத்திரம், எண்ணெயில் வெப்பமானி, சூடு 150 பாகைக்கு மேல் ஏறாமல் காவல். திறந்த வெளி, பக்கத்தில் பாத்திரத்துக்குச் சரியாகப் பொருந்தும் மூடி. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடிதான் அணைக்கும்.

பூசுவது, கரியேற்றுவது, வேக வைப்பது

தகட்டை வெதுவெதுப்பாகச் சூடாக்கி, வார்னிஷைத் தீக்குச்சி நுனியால் எடுத்து ஓர் அங்குல இடைவெளிக்கு ஒரு புள்ளியாக வைத்து, உள்ளங்கையின் சதைப்பகுதியால் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். தேய்க்கக் கூடாது, தட்டுவதுதான். இந்தச் சின்னத் தகட்டுக்கு ஆறு புள்ளி போதும். தகட்டின் செம்பு நிறம் வார்னிஷ் வழியே தெளிவாகத் தெரிய வேண்டும், பொன்னிறச் சாயல் மட்டும் ஏறியிருந்தால் சரியான தடிப்பு.

பிறகு தகட்டைக் குறட்டில் கவிழ்த்துப் பிடித்து, கீழே நாலைந்து மெழுகுவத்திகளைச் சேர்த்துக் கட்டி ஏற்றி, சுடரின் நுனி படுகிற மாதிரி நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கரி வார்னிஷில் கலந்து தகடு கண்ணாடி போலக் கறுக்கும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அங்கே வார்னிஷ் கருகிச் சொரசொரப்பாகும், மங்கலாகத் தெரிவதே அடையாளம். திரி எண்ணெயில் மிதந்து எரியும் விளக்கு சரிப்படவில்லை, சுடர் தாழ்வாகவும் புகை கொழுப்பாகவும் இருந்தது.

அடுத்து வேக வைப்பது. போஸ் காலத்தில் தணலின் மேல். நாங்கள் பட்டறைக்கென்று ஒதுக்கிய சின்ன மின் அவன். சமையல் அவனில் இதைச் செய்யக் கூடாது. இந்தக் கட்டத்தில் கடிகாரத்தைவிடக் குச்சியை நம்புவது நல்லது. கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் ஓரத்தில் அழுத்திப் பார்க்கும்போது வார்னிஷ் குச்சியோடு வந்தால் வேகவில்லை. அழுத்தினாலும் மெல்லிய கோடு மட்டும் விழுந்து மற்ற இடம் அசையாமல் நின்றால் எடுத்துவிடலாம். இரண்டாம் தகடும் நான்காம் தகடும் 150 பாகையில் 45 நிமிடத்தில் இந்தப் பதத்துக்கு வந்தன.

மூன்றாம் தகடு கெட்டது இங்கேதான். கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்று 200 பாகையில் ஒரு மணி நேரம் வைத்தது. வார்னிஷ் கல்லாகியது. கோடு போடும்போது இரண்டு கோடுகள் அருகருகே வந்த இடமெல்லாம் நடுவில் இருந்த வார்னிஷ் சில்லுச் சில்லாகத் தெறித்தது. அங்கியின் மடிப்பில் ஆறு கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பள்ளம். உருப்பெருக்கியில் பார்த்தால் மற்ற இடங்களிலும் நுண்ணிய விரிசல். அமிலம் விட்ட பிறகு அத்தனை விரிசலும் அச்சில் சிலந்தி வலை மாதிரி வந்தது. அந்தத் தகட்டைப் பின்பக்கம் திருப்பி, அமில நேரம் பார்க்கும் சோதனைத் தகடாக வைத்துக்கொண்டோம்.

கோடு

அச்சில் இடவலம் மாறும் என்பதால் படத்தைத் திருப்பியே மாற்ற வேண்டும். டிரேசிங் தாளில் எடுத்து, தாளைக் கவிழ்த்து, அடியில் காவிக்கட்டி தேய்த்த மெல்லிய தாள் வைத்து, மழுங்கிய ஊசியால் கோட்டின் மேல் ஓட்டினால் கறுப்பு வார்னிஷில் காவிக்கோடு பளிச்சென்று தெரியும். அழுத்தினால் வார்னிஷ் வடுப்படும், தாளின் எடையே பாதி வேலை செய்துவிடும்.

இப்போது அங்கியின் ஒரு மடிப்பு. நீளம் 14 மி.மீ. கருவி 1.6 மி.மீ. எஷோப். பிடியைப் பேனா போலப் பிடித்து, சாய்முகத்தை உள்ளங்கைப் பக்கம் வைத்து, நுனி மட்டும் படும்படி தோளருகே ஊன்ற வேண்டும். முதல் 3 மி.மீ. நுனியாலேயே இழுக்கிறது, வார்னிஷ் கறுப்புத் தூளாக முன்னால் குவிகிறது. அதன்பின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடியை மெல்ல உருட்ட, சிவப்புப் புள்ளி கால்வட்டத்துக்கும் குறைவாகத் திரும்பும்போது பக்க விளிம்பு இறங்கி, கோடு அகலமாகிறது. கூடவே கை சற்றே தாழ வேண்டும், அழுத்தமும் சற்றே கூட வேண்டும். இந்த இரண்டும் உருட்டலோடு சேர்ந்து நடக்காவிட்டால் கோட்டின் ஒரு கரை மட்டும் விழுந்து மறு கரையில் வார்னிஷ் படலம் மிஞ்சும். இடுப்பருகே மிக அகலம். பிறகு அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் உருட்டி, கையை உயர்த்திக்கொண்டே நுனியில் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் முடிச்சு விழும். பத்து மடங்கு உருப்பெருக்கியில் நல்ல கோடு செம்புப் பாதையாக, இரு கரையும் கத்தியால் வெட்டினது போலத் தெரியும். மெல்லிய இடம் 0.12 மி.மீ., தடித்த இடம் 0.45 மி.மீ. வந்தது.

தூளை வாயால் ஊதாமல் மெல்லிய தூரிகையால் தள்ளவும். எச்சில் தெறித்த இடத்தில் அமிலம் சீராகக் கடிக்காது.

கலோவின் உருவங்களில் நிழல் பெரும்பாலும் இணைகோடுகளிலேயே நிற்கிறது. இருள் கூட வேண்டிய இடத்தில் குறுக்குக் கோடு போடுவதைவிடக் கோட்டையே தடிக்க வைக்கிறார். பியூரினில் இதே பிடிவாதத்தை உச்சிக்குக் கொண்டுபோனவர் குளோத் மெல்லான். 1649இல் கிறிஸ்துவின் முகத்தை மூக்கு நுனியில் தொடங்கும் ஒரே சுழல்கோட்டால் செதுக்கினார், கண்ணும் தாடியும் அந்தக் கோட்டின் தடிப்பு மாற்றம் மட்டுமே. மெல்லானுக்கு அகலமும் ஆழமும் ஒரே உளியழுத்தத்தில் சேர்ந்தே வந்துவிடும். எஷோப் அகலத்தை மட்டும்தான் தரும், ஆழத்தை அமிலத்திடம் வாங்க வேண்டும்.

அமிலம்

கெட்டி வார்னிஷுக்குப் போஸ் சொல்லும் கரைசலில் நைட்ரிக் அமிலம் கிடையாது. வெள்ளை வினிகர் மூன்று பைன்ட், நவச்சாரம் ஆறு அவுன்ஸ், சோற்றுப்பு ஆறு அவுன்ஸ், செம்புக் களிம்பு நான்கு அவுன்ஸ். அன்றைய பாரிஸ் அளவைகளை மாற்றினால் ஒரு லிட்டர் வினிகருக்கு நவச்சாரம் 64 கிராம், உப்பு 64 கிராம், களிம்பு 43 கிராம். நவச்சாரம் ஈயம் பூசுகிறவர்களுக்கு விற்கும் கடையில் கிடைக்கும். களிம்புக்குப் பதில் தாமிர அசிடேட் 100 கிராம் புட்டியாக ரசாயனக் கடையில் 350 ரூபாய்க்கு வாங்கியது. நஞ்சு அது, கையுறையும் முகமூடியும் கட்டாயம். எல்லாவற்றையும் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு மூடி, இரண்டு மூன்று கொதி வந்ததும் இறக்கி, ஒரு நாள் தெளிய விட்டு மேலாக வடித்தெடுக்க வேண்டும். கரைசல் பச்சை கலந்த நீலமாக இருக்கும். கொதிக்கும் ஆவி தொண்டையை அடைக்கும், வீட்டுக்குள் செய்யக் கூடாது.

இரண்டாம் தகட்டில் வார்னிஷும் சரி, கோடும் சரி. பிளாஸ்டிக் தட்டில் கரைசலை ஊற்றித் தகட்டை அதில் மூழ்க வைத்தோம், இன்றைய பட்டறை வழக்கப்படி. இரண்டு மணி நேரம் கழித்தும் நகத்துக்குப் பள்ளமே தட்டுப்படவில்லை. கோடுகளுக்குள் வெள்ளையாக ஒரு படலம் மட்டும் உறைந்திருந்தது. செம்பு கரைந்து உண்டாகும் தாமிர(I) குளோரைடு அது. காற்றின் ஆக்சிஜன் படாவிட்டால் அங்கேயே படிந்து மேற்கொண்டு அரிப்பைத் தடுத்துவிடுகிறது.

போஸின் படத்தில் ஒருவர் சாய்த்து நிறுத்திய பலகையில் தகட்டை வைத்து, குடுவையால் கரைசலை மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கிறார். கீழே தொட்டி, அதிலிருந்து மொண்டு மறுபடி ஊற்றுவது. பழங்கால வசதிக்குறைவு என்று தாண்டிப் போகத் தோன்றும். உண்மையில் அந்த ஊற்றல்தான் முறையின் உயிர். கரைசல் மெல்லிய படலமாக வழியும்போது காற்றைச் சேர்த்துக்கொள்கிறது, வெள்ளைப் படலத்தையும் கழுவிப் போகிறது. அதே இரண்டாம் தகட்டைச் சாய்த்து வைத்து ஊற்றியதும் இருபதே நிமிடத்தில் பள்ளம் இறங்கத் தொடங்கியது. ஆனால் முதலில் படலம் உறைந்திருந்த இடங்கள் பின்தங்கிவிட்டன. ஒரே கோடு பாதி ஆழம், பாதி மேலோட்டம். அச்சுக்கு உதவவில்லை.

நான்காம் தகட்டுக்குப் பலகை 30 பாகைச் சாய்வில், தகட்டுக்கு அடியில் இரண்டு பிளாஸ்டிக் ஆணி முட்டு, கீழே தொட்டி, மீன்தொட்டிக்கான சின்ன மோட்டார் 350 ரூபாய்க்கு. குழாயின் வாயைத் தட்டையாக்கித் தகட்டின் அகலத்துக்கு வழிய விட்டோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தகட்டைக் கால்வட்டம் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் ஓட்டத்தின் திசையில் உள்ள கோடுகள் ஆழமாகும், குறுக்கே உள்ளவை பின்தங்கும்.

முதல் சுற்று 12 நிமிடம். கழுவி, ஒற்றி உலர்த்தி, தூரத்தில் உள்ள சின்ன உருவங்களையும் தரையின் மெல்லிய கோடுகளையும் மூடினோம். மூடுவதற்குப் பழைய கலவையே: ஆட்டுக் கொழுப்பும் எண்ணெயும் சேர்த்து உருக்கி, வெதுவெதுப்பாகத் தூரிகையால் தீட்டுவது. வெறும் கொழுப்பு ஆறியதும் வெடித்தது, எண்ணெய் கூடினால் 30 பாகை அறை வெப்பத்தில் நகர்ந்து பக்கத்துக் கோட்டுக்குள் இறங்கியது. ஒரு சொட்டைக் குளிர்ந்த செம்பில் விட்டுப் பார்த்து, உறைந்தும் நகத்தால் நசுங்குகிற பதத்தில் நிறுத்தவும். எங்களுக்கு மூன்று பங்கு கொழுப்புக்கு ஒரு பங்கு எண்ணெய் ஒத்துவந்தது. இரண்டாம் சுற்று 30 நிமிடம், பிறகு புறக்கோட்டு உருவத்தை மூடியாயிற்று. மூன்றாம் சுற்று 55 நிமிடம், முடித்த உருவத்தின் அங்கிக்கு மட்டும். ஆகக் கூடி 97 நிமிடம். மூன்று சுற்றிலும் வார்னிஷ் ஓர் இடத்தில்கூடப் பெயரவில்லை.

ஃபிளாரன்ஸ் அருகே உள்ள இம்புருனேத்தா ஊர்ச் சந்தையின் பெரிய தகட்டை 1620இல் கலோ முடித்தார். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள், தூரத்தில் உள்ளவர்களின் தலை குண்டூசித் தலையைவிடச் சிறியது. அங்கே ஒரு சில்லு வார்னிஷ் பெயர்ந்தால் ஒரு முழு ஆள் போய்விடுவான். இந்தச் சின்னத் தகட்டை முடித்த பிறகு அந்த அச்சைப் பார்க்கும்போது முதலில் மனதில் எழுவது வியப்பு, அதுவும் வார்னிஷைப் பற்றித்தான்.

பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் விடக் கூடாது. சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நுரை நிற்கும்வரை விட்டு, படிந்த பச்சைச் சேற்றை வடிகட்டிக் காயவைத்து அபாயக் கழிவாகத்தான் ஒதுக்க வேண்டும்.

வார்னிஷை எடுப்பதும் அச்சும்

வெந்த வார்னிஷ் டர்பென்டைனுக்கு அசையவில்லை. பழைய முறை, மென்மையான கரித்துண்டைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தெடுப்பது. அது பாலிஷைச் சற்று மங்க வைக்கும். நூறு மில்லி தண்ணீருக்கு 5 கிராம் காஸ்டிக் சோடா கரைத்து அரை மணி ஊற வைத்ததில் வார்னிஷ் சோப்பு மாதிரி குழைந்து வந்தது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை.

மை, குழாயில் வரும் கறுப்புத் தகட்டு மை, 1,400 ரூபாய், இருப்பதிலேயே பெரிய செலவு. தகட்டைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து மையைத் தேய்த்து உள்ளே தள்ளி, கஞ்சி போட்ட மல் துணியால் வட்டமாகத் துடைத்து, கடைசியில் சாக்குத் தூள் தொட்ட உள்ளங்கையால் ஒரு முறை. காகிதம் 250 கிராம் பருத்தித் தாள், அரை மணி ஊற வைத்து, ஒற்றி எடுத்தது. உருளை அச்சு எந்திரத்தை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்தது, இரண்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய். முதல் அச்சில் துடைப்பு அதிகமாகித் தடித்த கோடுகளின் நடு வெளுத்தது. மிக அகலமான கோட்டில் பள்ளம் போதிய ஆழம் இல்லாவிட்டால் துணி உள்ளே போய் மையை எடுத்துவிடும். மூன்றாம் அச்சு தெளிவு. அங்கியின் மடிப்பு தோளில் மயிரிழை, இடுப்பில் கருமை, விளிம்பில் மறுபடி மயிரிழை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில உண்டு. மூன்றாம் சுற்றை 55இலிருந்து 75 நிமிடமாக்க வேண்டும், 0.4 மி.மீ.க்கு மேல் அகலமான கோடுகளுக்கு அந்த ஆழம் தேவை. 2.5 மி.மீ. எஷோப் இந்த அளவுப் படத்துக்கு வேண்டியதே இல்லை, அதற்குப் பதில் 0.8 மி.மீ. ஒன்று கூடுதலாக வேண்டும், தொப்பியின் இறகுக்கு 1 மி.மீ. தடித்துவிட்டது. எண்ணெயை இப்போதே வெயிலில் வைத்தாயிற்று.

கலோ 1621இல் நான்சிக்குத் திரும்பியபோது காப்ரிச்சித் தகடுகள் ஃபிளாரன்ஸிலேயே தங்கிவிட்டன. அதனால் முழுத் தொகுப்பையும் சொந்த ஊரில் திரும்பச் செய்தார். ஒரே உருவம் அவர் கையாலேயே இரண்டு முறை அரிக்கப்பட்டிருப்பதால், அடுத்த தகட்டுக்கு ஃபிளாரன்ஸ் அச்சையும் நான்சி அச்சையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே மடிப்பில் கோடு எங்கே தடிக்கிறது என்று 0.1 மி.மீ. அளவுகோல் உள்ள உருப்பெருக்கியில் அளந்துவிட்டுத்தான் வார்னிஷ் பூச வேண்டும். நான்காம் தகடு எண்ணெய் தடவி, மெழுகுத் தாளில் சுற்றி வைத்திருக்கிறது. இன்னும் முப்பது அச்சுக்குக் குறையாமல் தாங்கும்.